ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துத் தொடங்குங்கள்

விக்டோரியா கால நாவல்களில் ஒழுக்கம் பற்றிக் கட்டுரை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பத்து எழுத்தாளர்களை அடுக்காதீர்கள், ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ நாவல் ஒன்றே போதும். 1891இல் ‘தி கிராஃபிக்’ வார இதழில் அது தொடராக வந்தபோது, தண்ணீர் தேங்கிய பாதையில் பால் கறக்கும் பெண்களை டெஸ்ஸின் காதலன் ஏஞ்சல் கையில் தூக்கிக் கடத்திவிடும் காட்சிகூட ஆகாது என்று, தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப்போவதாக மாற்ற வேண்டியிருந்தது (நிஜமாகத்தான்!). நாயகி டெஸ் சீரழிக்கப்படும் இடத்தில், தொடரில் ஒரு போலிக் கல்யாணம். அதனால் பிறந்த குழந்தைக்கு அவளே ஞானஸ்நானம் கொடுப்பது தொடரில் கிடையாது. புத்தகத்தில் இவற்றைத் திரும்பச் சேர்த்ததோடு, வீம்புக்கென்றே போட்ட மாதிரி ‘ஒரு தூய பெண்’ என்று துணைத்தலைப்பும் வைத்தார் ஹார்டி. இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டு எழுதுங்கள், அப்புறம் இடமிருந்தால் அதே காலத்து எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு.