வானியல் எடுக்கலாம், கால்குலஸை விடாமல்

காட்பாடியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் மகன் அமெரிக்காவில் இரண்டு ஆண்டு கம்யூனிட்டி காலேஜ், பிறகு இரண்டு ஆண்டு பல்கலைக்கழகம் என்று கிளம்புகிறான். விண்வெளி ஆராய்ச்சிக்கு முதல் படி 'அறிமுக வானியல்' என்று நினைத்து, கால்குலஸை (நுண்கணிதம்) அடுத்த செமஸ்டருக்குத் தள்ளப் பார்க்கிறான். தள்ள விடாதீர்கள்.

அந்த வானியல் பாடம் பெரும்பாலும் வணிகம், வரலாறு படிக்கிறவர்கள் 'ஏதாவது ஓர் அறிவியல் பாடம்' என்ற பொதுக்கல்வி விதியை முடிப்பதற்காக வைத்தது. வழக்கமாக 3 கிரெடிட், லேப் சேர்ந்தால் 4. இயற்பியல் பட்டத்தின் முதன்மைப் பாடக் கணக்கில் அது பொதுவாக ஏறாது. ஏறுவது கால்குலஸும், கால்குலஸ் வழி நடத்தும் இயற்பியலும்தான். அந்த இயற்பியலைப் பல கல்லூரிகளில் மூன்று செமஸ்டராகப் பிரித்திருப்பார்கள். 'கால்குலஸ் 1' என்ற முதல் பாடத்தை முடிக்காமல் உள்ளே விடமாட்டார்கள். முதல் செமஸ்டரில் கால்குலஸ் என்றால் 2, 3, 4-ல் இயற்பியல் கச்சிதமாக அடங்கும். இரண்டாவதுக்குத் தள்ளினால் ஐந்தாவது செமஸ்டர் வந்து நிற்கும். அந்த அரையாண்டுச் செலவு உங்கள் தலையில்.

கால்குலஸோடு கூடவே வானியலும் எடுத்தால் தவறில்லை. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டருக்கு 12 கிரெடிட் குறையக்கூடாது; அதில் ஆன்லைன் பாடம் 3 கிரெடிட் வரைதான் கணக்கு. லேப் கஷ்டம் என்று நடுவில் விட்டுவிட்டு 11-க்கு இறங்கினால் விசா நிலையே ஆட்டம் காணும். எதை விடுவதானாலும் முதலில் காலேஜின் வெளிநாட்டு மாணவர் அலுவலரைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதையும் சேரும் முன்பே பார்க்கவேண்டும். கலிஃபோர்னியா என்றால் 'அஸிஸ்ட்' இணையதளத்தில் கல்லூரி வாரியாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாசாவின் நேரடி அரசுப் பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். வானியல் ஆராய்ச்சிதான் இலக்கு என்றால் இங்கேயே பி.எஸ்சி இயற்பியல் படித்து, ஐஐடி ஜாம் நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி, பிறகு ஜெஸ்ட் தேர்வு எழுதி பிஎச்.டி என்றும் வழி இருக்கிறது. செலவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அறிமுக வானியல் எளிது என்ற பேச்சை நம்பிப் போகிறவர்கள் கணக்கில் மாட்டுவார்கள். கால்குலஸ் வராது; பத்தின் அடுக்குகள், விகிதம், தலைகீழ் இருமடி விதி (தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்கு) வரும். கெப்ளரின் மூன்றாம் விதியை (தூரத்தைப் பூமியின் மடங்கிலும் காலத்தை ஆண்டிலும் சொன்னால், தூரத்தின் மும்மடி சுற்றும் காலத்தின் வர்க்கத்துக்குச் சமம்) குரு பெயர்ச்சியை வைத்தே போட்டுப் பார்க்கலாம். சூரியனிலிருந்து வியாழனின் தூரம் பூமியின் தூரத்தைப் போல் 5.2 மடங்கு. அதன் மும்மடி ஏறக்குறைய 140.6, அதன் வர்க்கமூலம் 11.86. ராசிச் சக்கரத்தைச் சுற்றிவர அத்தனை ஆண்டு, அதனால்தான் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு ராசி. (ஜோதிடத்துக்கும் வானியலுக்கும் உறவு இவ்வளவோடு சரி.)

தேர்வில் மதிப்பெண் போகிற இடங்கள் இரண்டு. பிறை தேய்வது பூமியின் நிழலால் என்று எழுதுவது ஒன்று. நிழல் விழுவது கிரகணத்தன்று மட்டும். கோடை வருவது சூரியன் பக்கத்தில் வருவதால் என்பது இன்னொன்று. வேலூர் வெயிலில் வளர்ந்த பையனுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரம், மார்கழிப் பனியில். பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.5 பாகைச் சாய்வு.

கிளம்பும் முன் ஒரு மாதம், தினமும் ஒரே நேரத்தில் நிலா எங்கே, என்ன வடிவம் என்று நோட்டில் வரையட்டும். பல கல்லூரிகளில் லேப் வேலையே இதுதான். சில நாள் அந்த நேரத்தில் நிலா உதித்தே இருக்காது, அதையும் குறிக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தொடங்கினால் பாதி நாள் மேகம்தான். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 13 பாகையில் நிற்கும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. வடக்கே மலையோ கட்டடமோ இருந்தால் தெரியாது. லாஸ் ஏஞ்சல்ஸில் அதுவே 34 பாகை. இலவச ஸ்டெல்லேரியம் மென்பொருளில் இரண்டு ஊரையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் அட்சரேகை என்றால் என்ன என்பது விளங்கிவிடும்.

முடிந்தால் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கும் கூட்டிப்போங்கள். பழைய வடாற்காடு மாவட்டம், இன்று திருப்பத்தூர். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். பார்வையாளர் நாளையும் நேரத்தையும் இந்திய வான் இயற்பியல் மையத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். மேகம் மூடினால் எதுவும் தெரியாது, மலையில் ராத்திரி குளிரும்.