டிரைவ் ஓடுகிறது, ஆனால் பெட்டிக்குள் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது: திருப்பி அனுப்பலாமா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"வணக்கம் சார். தை மாத முகூர்த்த வேலைகளில் என் பழைய டிரைவ்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. ஆன்லைனில் ஆஃபர் பார்த்து 8 டிபி இன்டர்னல் ஹார்ட் டிரைவ் ஒன்று 19,400 ரூபாய்க்கு வாங்கினேன், ஜிஎஸ்டி நம்பர் போட்டு பில். முந்தாநாள் வந்தது. அட்டைப்பெட்டி பெரியது, வெளியே அடி எதுவும் தெரியவில்லை, ஓடிபி சொல்லி வாங்கிவிட்டேன். தூக்கியதுமே உள்ளே ஏதோ உருண்டது. திறந்தால் டிரைவ் வெறும் பிளாஸ்டிக் கவரில் கிடக்கிறது, பக்கத்தில் ஒரே ஒரு காற்றுப் பை, அதுவும் வெடித்து சப்பையாக இருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டினேன், ஓடுகிறது. கடையிடம் சாட்டில் கேட்டால் 'வேலை செய்கிறதென்றால் ரிட்டர்ன் கிடையாது, பேக்கிங்குக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்கிறார்கள். ஒரு நண்பர், ஓடவில்லை என்று பொய் சொல்லி அனுப்பிவிடு என்கிறார். இன்னொருவர், அதுதான் மூன்று வருட வாரண்டி இருக்கிறதே, விடு என்கிறார். ஏழு நாளுக்குள் ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான் என்று போட்டிருக்கிறது. ரிட்டர்ன் போட்டால் ஆஃபர் விலையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?"

திருப்பி அனுப்புங்கள். ஏழு நாளில் இரண்டு நாள் போய்விட்டது, மிச்சம் இருக்கும் நாட்களை யோசிப்பதில் செலவழிக்க வேண்டாம்.

வாரண்டி இருக்கிறதே என்று சொன்ன நண்பரின் பேச்சுதான் இரண்டு யோசனைகளிலும் ஆபத்தானது, அதனால் முதலில் அதைப் பார்ப்போம். தயாரிப்பாளர் வாரண்டி டிரைவ் தானாகப் பழுதானால் மட்டும்தான், விழுந்து அடிபட்டதற்குக் கிடையாது. ஹார்ட் டிரைவுக்குள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில், தகவலைப் படித்து எழுதும் தலை மிதந்துகொண்டிருக்கிறது. அணைத்து வைத்த நிலையில் 250, 300 ஜி (புவியீர்ப்பைப்போல் அத்தனை மடங்கு) வரை அதிர்ச்சி தாங்கும் என்று பல மாடல்களின் விவரத்தாளில் போட்டிருப்பார்கள், கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் மெத்தை எதுவும் இல்லாமல் இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தால் அந்த அளவு சுலபமாகத் தாண்டிவிடும். அப்படி அடிபட்டது உடனே சாகும் என்றும் இல்லை. இன்றைக்கு ஓடும், நான்கு மாதம் கழித்து டிக் டிக் என்று சத்தம் போட்டு நிற்கும். அன்றைக்கு நீங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனால், அடிபட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது என்பார்கள். கடையோ நீங்கள் வாங்கியபோது ஓடியதே என்று கேட்கும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், நடுவில் நீங்கள் நிற்பீர்கள்.

வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவருக்கு இதேதான் நடந்தது. டிரைவ் ஐந்தாவது மாதம் போனது. பார்சல் வந்த அன்று பெட்டி எப்படி இருந்தது என்று வாய் நிறையச் சொன்னார், ஒரு போட்டோகூட இல்லை. பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். கடைசியில் சமரசமாகக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொடுத்தேன், அவர் இழந்ததில் கால்வாசிகூட வராது.

சரி, ஓடுகிற பொருளைத் திருப்பித் தர சட்டம் இடம் கொடுக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். நம் நாட்டில் அப்படி ஒரு பொது உரிமை இல்லை. ஏழு நாள் என்பது கடை தானாக வைத்துக்கொண்ட விதி. ஆனால் பொருளில் குறை இருந்தாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளில் விதி 6 சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற வரையறைக்குள் வருகிறது. 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்று பக்கத்தில் போட்டுவிட்டதால் அது மாறிவிடாது.

இங்கே கடையின் வக்கீல் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: "பேக்கிங் மோசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பொருளில் குறை எங்கே?" நியாயமான கேள்விதான், அதனால்தான் இந்த வழக்கு ஓடாத டிரைவ் வழக்கைவிடக் கடினம். என் பதில் இப்படி இருக்கும். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 39, விற்பவர் பொருளை அனுப்ப ஏற்பாடு செய்யும்போது அந்தப் பொருளின் தன்மைக்கு ஏற்றபடி நியாயமாகச் செய்ய வேண்டும் என்கிறது, அப்படிச் செய்யாமல் வழியில் சேதமானால் அதன் பொறுப்பை விற்றவர் மேலேயே வைக்கலாம். அந்தப் பிரிவு லாரிக்காரரோடு போடும் ஒப்பந்தத்தைப் பற்றியது, கட்டும் விதமும் அதில் அடங்கும் என்று நான் வாதாடுவேன். பொருளின் தன்மைக்கு ஏற்ற பேக்கிங் எது என்பதை நாம் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, தயாரிப்பாளரே எழுதி வைத்திருக்கிறார். வாரண்டிக்கு டிரைவை அனுப்பும்போது ஆன்டி ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம் தாக்காத) கவரில் போடு, எல்லாப் பக்கமும் பல சென்டிமீட்டர் கனத்துக்கு ஃபோம் வை, பெட்டிக்குள் அசையக் கூடாது, இல்லாவிட்டால் வாரண்டியை மறுப்போம் என்று பெரிய டிரைவ் கம்பெனிகள் தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன. உங்கள் டிரைவின் கம்பெனி பக்கத்தைத் திறந்து அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாங்குகிறவன் அனுப்பும்போது கட்டாயம் என்றால், விற்கிறவர் அனுப்பும்போது எப்படித் தேவையில்லாமல் போகும்? உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான ஆயுதம் இந்த ஒரு பக்கம்தான். கூடவே, ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்ப்பதும் நீங்கள் காசு கொடுத்த சேவையில் ஒரு பகுதி, அதில் நடந்தது சேவைக் குறைபாடு என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

அப்புறம் ஓடிபி. ஓடிபி சொன்னதும் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு. பார்சல் கைக்கு வந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. பிரித்துப் பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும் வரை வாங்கியவர் ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்று அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 41 சொல்கிறது, நீங்கள் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்ததும் அந்தச் சோதனைதான். பிரிவு 42-ஐத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்: வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, உங்கள் சொந்தப் பொருள்போல் பயன்படுத்த ஆரம்பித்தாலோ ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆகவே அந்த டிரைவில் ஒரு கல்யாணத்தைக்கூடக் காப்பி செய்யாதீர்கள். இதில் சட்டத்தைத் தாண்டிய கவலையும் எனக்கு உண்டு. ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோவும் போட்டோக்களும் அதில் ஏறி, டெலிட் மட்டும் செய்து அனுப்பினீர்கள் என்றால், ஏதோ ஒரு குடோனில் யாரோ ஒருவர் இலவச மென்பொருள் போட்டு அத்தனையும் மீட்டுவிடலாம். ஏற்கெனவே ஏதாவது ஏற்றியிருந்தால் அனுப்புமுன் முழு ஃபார்மேட் போடுங்கள், குயிக் ஃபார்மேட் போதாது.

பொய் சொல்லச் சொன்ன நண்பருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். 'ஓடவில்லை' என்று போட்டால் பார்க்க ஆள் வருவார் அல்லது சர்வீஸ் சென்டரில் மாட்டிப் பார்ப்பார்கள், ஓடும், ரிட்டர்ன் நிராகரிப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதோடு போகாது, நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் சொல்லும் உண்மையையும் அந்த ஒரு பொய்யைக் காட்டியே உடைப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது ஆப்பில் காரணம் கேட்கும் அல்லவா, அந்தச் சின்னக் கட்டத்தில் நீங்கள் தேர்ந்தெடுப்பதும் ஒரு ஆவணம்தான். 'மனம் மாறிவிட்டது' என்பதைத் தொடாதீர்கள். சேதம் அல்லது பேக்கிங் பற்றிய காரணம் இருந்தால் அதை, இல்லாவிட்டால் 'மற்றவை' போட்டு நடந்ததை எழுதுங்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது: பெட்டி, வெடித்த காற்றுப் பை, கவர், முகவரி ஒட்டிய பக்கம், டிரைவின் சீரியல் நம்பர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். டிரைவைப் பெட்டிக்குள் வந்த மாதிரியே வைத்துக் கையில் எடுத்து லேசாகச் சாய்த்து, அது உருளும் சத்தத்தோடு பத்து நொடி வீடியோ எடுங்கள், வேகமாகக் குலுக்க வேண்டாம். இந்த வேலை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரிஜினல் ஃபைல்களை அப்படியே வையுங்கள், வாட்ஸ்ஆப்பில் போய்வந்த போட்டோவில் எடுத்த தேதி, நேர விவரம் பெரும்பாலும் இருக்காது. பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளில், டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), பெண்டிங் செக்டர் (கெட்டதாகச் சந்தேகப்படும் இடங்கள்) இரண்டும் சுழியம் என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே குறைக்குச் சாட்சி, பொருளில் குறை எங்கே என்ற கேள்வியே எழாது. பவர் ஆன் அவர்ஸையும், அதாவது டிரைவ் இதுவரை ஓடிய மணிக்கணக்கையும் பாருங்கள். நீங்கள் மாட்டிய நேரத்தைவிட நூற்றுக்கணக்கில் காட்டினால் பழையதைப் புதியது என்று விற்றிருக்கிறார்கள், அது வேறு வழக்கு, இதைவிடப் பெரியது. முழு டிரைவையும் படித்துச் சோதிக்க 8 டிபிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், விருப்பமிருந்தால் இரவில் ஓடவிடுங்கள். ஆனால் சோதனையில் பாஸ் ஆகிவிட்டது என்பதற்காக ரிட்டர்னை நிறுத்தாதீர்கள், இன்றைய நிலையை மட்டும்தான் அது சொல்லும்.

சாட்டில் பேசியது போதாது, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும், 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் வந்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பில்லில் இருக்கும் விற்பனையாளரின் மின்னஞ்சல் கிடைத்தால் அவருக்கும் ஒரு நகல். பெரிய சட்ட மொழியெல்லாம் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"இன்ன ஆர்டர் எண்ணில் வாங்கிய ஹார்ட் டிரைவ், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பெட்டிக்குள் உருளும் நிலையில் இன்ன தேதியில் வந்தது. போட்டோவும் வீடியோவும் இணைத்துள்ளேன். தயாரிப்பாளர் கேட்கும் பேக்கிங் முறைக்கு இது முற்றிலும் மாறானது. சோதித்துப் பார்த்ததைத் தவிர நான் பயன்படுத்தவில்லை. இந்தப் பொருளை நான் ஏற்கவில்லை. முறையாக பேக் செய்த வேறு புதிய டிரைவ் தாருங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்."

'ஏற்கவில்லை' என்ற சொல் முக்கியம். அதைச் சொல்லிவிட்டால் உங்கள் செலவில் திருப்பி அனுப்பும் கடமைகூட உங்களுக்கு இல்லை, சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 43. வேறு ஏற்பாடு ஆகும்வரை பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

ஆஃபர் விலை பற்றிய பயம் புரிகிறது. அதனால்தான் ரீப்ளேஸ்மென்டை முதலில் கேட்கச் சொன்னேன், அதில் விலை மாறாது. பணம்தான் திரும்ப வருகிறது என்றால், இன்றைய விலையோடு உள்ள வித்தியாசத்தை நஷ்டமாகக் கேட்க வழி உண்டு, ஆனால் ஆயிரம் இரண்டாயிரத்துக்காக அதைத் தனியாக இழுக்க நான் சொல்ல மாட்டேன். ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அங்கே சேர்த்துக் கேட்போம்.

ஆணையம் வரை போக வேண்டி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், இந்த மாதிரிச் சின்னத் தொகைகள் பல நேரம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடம் காலக்கெடு.

ஒரே ஒரு இடத்தில் உங்களை மடக்கப் பார்ப்பார்கள், அது நீங்கள் கொடுத்த ஜிஎஸ்டி நம்பர். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பார்கள். சுயதொழில் செய்து பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. உதவிக்கு ஒன்றிரண்டு ஆட்கள் இருப்பதால் ஒருவர் நுகர்வோர் இல்லாமல் போய்விட மாட்டார் என்று 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்களே போய் எடுத்து, நீங்களே எடிட் செய்கிறவர் என்பதைப் புகாரின் இரண்டாவது பத்தியிலேயே எழுதிவிடுங்கள், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பிக்கப்புக்கு ஆள் வரும்போது டிரைவை நீங்கள் ஒழுங்காக ஃபோம் வைத்து பேக் செய்து, சீரியல் நம்பர் தெரிய வீடியோ எடுத்துக்கொண்டு கொடுங்கள், ரசீது வாங்காமல் விடாதீர்கள். வேறு டிரைவை வைத்து அனுப்பிவிட்டார் என்ற பேச்சு வராமல் இருக்க இது ஒன்றுதான் வழி. பழைய பெட்டியையும் காற்றுப் பையையும் அனுப்பாதீர்கள், அவை உங்களிடமே இருக்கட்டும், ஆள் பெட்டியோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மட்டும் கொடுங்கள். மாற்று டிரைவ் வரும்போது வாசலிலேயே காதோரம் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். மறுபடியும் உருண்டால் ஓடிபி சொல்லாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, அதையும் அதே மின்னஞ்சலுக்குக் கீழே எழுதுங்கள். இது முடியும் வரை தை மாதக் கல்யாணங்கள் இருக்கும் மெமரி கார்டு எதையும் அழித்துவிடாதீர்கள், இடம் போதவில்லை என்றால் இரண்டு கார்டு வாங்கிப் போட்டுச் சமாளியுங்கள்.