கவட்டில் துடிக்கும் கட்டி: திரும்பவும் ஒபரேஷனா?

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறா: வாப்பாவுக்குக் கவட்டு வழியாக அஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் (இதய நாடியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து ஒன்பது நாள். குழாய் விட்ட இடத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி, தொட்டால் துடிக்கிறது. உம்மா எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுக்கிறாவாம், பக்கத்து வீட்டார் 'வெட்டத்தான் வேணும்' என்கிறார்களாம்.

முதலில் அந்த ஒத்தடத்தை நிறுத்துங்கள், உருவுவதும் வேண்டாம். கவட்டில் கன்றி நீலம் பாரிப்பது பலருக்கும் வரும், ஆனால் அது துடிக்காது. துடிக்கிறது என்றால், நாடியில் போட்ட துவாரம் சரியாக அடைபடாமல், அதன் வழியே இரத்தம் வெளியே தள்ளிச் சதைக்குள் ஒரு பை மாதிரித் தேங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் போய்வந்துகொண்டிருக்கலாம். ரிப்போட்டில் சூடோஅனியூரிசம் என்று எழுதுவார்கள். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும், அதை நாளைக்கே செய்யுங்கள்.

2 செ.மீ.க்குக் குறைவாக, வலியில்லாமல், வளராமல் இருந்தால் பெரும்பாலும் தானே உறைந்துவிடும், சில நாள் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும். தேசிக்காய் அளவென்றால் காத்திருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் ஸ்கேன் கருவியாலேயே அரை மணி, ஒரு மணி என்று அழுத்திப் பிடிப்பார்கள், நோயாளிக்கும் வலி, பிடிக்கிறவர் கைக்கும் வலி, அதோடு இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அது அடிக்கடி தோற்றும் போகும். 1990களின் கடைசியில் பரவிய முறை துரொம்பின் ஊசி. இரத்தத்தை உறைய வைக்கும் பொருள் அது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைப் பைக்குள் இறக்கி, நாடிக்குள் போய்விடாதபடி கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். சில விநாடிகளில் பை உறைந்துவிடும், 90 வீதத்துக்கும் மேல் பலிக்கும். மருந்து நாடிக்குள் கசிந்தால் காலுக்கு இரத்தம் தடைப்படலாம், அது அரிது என்றாலும் கைப்பழக்கமுள்ளவர் செய்யவேண்டிய வேலை. அதனால் டயக்னோசிஸ் கார்டை (ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போது எழுதித் தந்த அட்டை) எடுத்துக்கொண்டு ஸ்டென்ட் வைத்த இடத்துக்கே போங்கள்.

கட்டியில் கிருமி பிடித்தாலோ, மேல்தோல் நைந்து போனாலோ, நரம்பை அழுத்தினாலோ வெட்டத்தான் வேண்டியிருக்கும். துவாரத்தை உள்ளிருந்து மூடக் கவட்டு நாடிக்குள் மேலுறை போட்ட ஸ்டென்ட் வைப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், இடுப்பு மடியும் இடம், அது நெளிந்து கெட்டுப்போகும்.

இன்னொன்று, இரத்தம் கட்டிப்போச்சே என்று பயந்து, ஸ்டென்டில் இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த அஸ்பிரின், குளோபிடோக்ரெலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கட்டி திடீரெனப் பெருத்தால், கால் குளிர்ந்து வெளுத்தால், முதுகோ விலாவோ வலித்துத் தலைசுற்றினால் விடியும்வரை பார்க்காமல் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்கள்.