சைமன்ஸைக் காட்டும் மகன்

வணக்கம்.

என் மகன் எம்.எஸ்சி. கணிதம் முடித்தவன். ஆராய்ச்சிக்குப் போவான் என்றிருந்தோம். இப்போது பங்குச் சந்தையில் ஆப்ஷன் வர்த்தகத்தில் (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று ஊகித்துச் செய்யும் ஒப்பந்த வியாபாரம்) இறங்கப்போகிறானாம். கேட்டால், "ஜிம் சைமன்ஸும் கணிதப் பேராசிரியர்தானே?" என்கிறான். என்ன பதில் சொல்வது?

ஒரு தந்தை, கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

கணிதத்தை வைத்தே சந்தையில் பெரும் பணம் சம்பாதித்த அமெரிக்கர் சைமன்ஸ். உங்கள் மகன் அவர் கதையைப் பாதியிலிருந்து படித்திருக்கிறான். பெர்க்கிலியில் 23 வயதில் முனைவர் பட்டம், 30 வயதில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைமை, செர்ன் என்ற கணித மேதையுடன் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை. இத்தனைக்கும் பிறகு, நாற்பது வயதில்தான் வர்த்தகத்துக்கு வந்தார்.

வந்ததும் பணம் கொட்டிவிடவில்லை. ஆரம்பத்தில் அவரும் செய்தி படித்து, ஊகித்து வாங்கி விற்றவர்தான். பழைய வட்டி விகிதங்கள் கணினியில் கிடைக்காத காலம் அது. அவரது ஆட்கள் அமெரிக்க மத்திய வங்கிக்குப் போய்க் கையால் எழுதியெடுத்து வந்தார்கள். மெடாலியன் என்ற அவரது ஹெட்ஜ் ஃபண்ட் (சிலரிடம் மட்டும் பணம் திரட்டி முதலீடு செய்யும் தனியார் நிதி) பிறந்தது 1988இல்தான். வால் ஸ்ட்ரீட்காரர்களை விட்டுவிட்டுக் கணித அறிஞர்களையும் இயற்பியலாளர்களையும், ஐபிஎம்மில் கணினிக்குப் பேச்சைப் புரியவைக்க முயன்றவர்களையும் சேர்த்தார். முப்பதாண்டுச் சராசரி லாபம், கட்டணம் கழிக்கும் முன், ஆண்டுக்குச் சுமார் 66 சதவீதம். (புனிதராக்கிவிட வேண்டாம். வரித் தகராறு ஒன்றில் அவரும் சகாக்களும் 2021இல் 700 கோடி டாலர் வரை கட்டச் சம்மதித்தார்கள்.)

மகனிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். மெடாலியனில் வெளியார் பணம் போட முடியாது, ஊழியர்களுக்குத்தான் இடம். தொகை பெருத்தால் உத்தி பலிக்காது என்று லாபத்தை அவ்வப்போது வெளியே எடுத்துவிடுவார்கள். 2020இல் மெடாலியன் சுமார் 76 சதவீதம் சம்பாதித்தது. சைமன்ஸின் அதே நிறுவனம் வெளியாருக்காக நடத்திய வேறொரு நிதி அதே ஆண்டில் சுமார் 20 சதவீதம் இழந்தது. அந்த மூளைகளுக்கே இந்தக் கதி. வீட்டில் தனியாக மடிக்கணினியோடு உட்காருகிறவனுக்கு எதிர்ப்பக்கம் இப்படிப்பட்ட நிறுவனங்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன. 2024 மார்ச்சுடன் முடிந்த மூன்று நிதியாண்டுகளில், பங்குகளின் ஃபியூச்சர்ஸ் (பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷன் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்குக் கொடுத்திருக்கிறது.

ஆராய்ச்சியை முடிக்கட்டும். ஆள் எடுக்கும்போது சைமன்ஸ் பார்த்ததும் அதைத்தான். சந்தை அனுபவத்தை அல்ல. பிறகும் ஆசை தீராவிட்டால் ஏதாவது வர்த்தக நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேரட்டும். உங்கள் சேமிப்பில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.