ஏற்றத்தில் கியர் தடுமாறினால்…

கேள்வி: டார்க் கன்வெர்ட்டர் (இஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறேன். மலைப்பாதையில் அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. மேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டால், பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே கார் பின்னால் உருளாமல் பார்த்துக்கொள்வேன். சமீபத்தில் பெரிய டயர் போட்டேன். அதிலிருந்து ஏற்றத்தில் கியர் மாறிமாறி விழுகிறது. கியர்பாக்ஸ் கெட்டுவிடுமா?

பதில்: அந்த ஆக்சிலரேட்டர் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், தயவுசெய்து. சக்கரம் நிற்கிறது, இஞ்சின் சுற்றுகிறது. அப்போது கன்வெர்ட்டருக்குள் போகும் சக்தி முழுவதும் எண்ணெயைச் சூடாக்கத்தான் போகிறது. மேட்டில் நிற்க பிரேக் இருக்கிறது. கன்வெர்ட்டருக்குப் பதில் இரட்டை கிளட்ச் உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம், கிளட்சே நேராகத் தேயும்.

பழுதான கியர்பாக்ஸைக் கழற்றும்போது பற்சக்கரம் உடைந்திருக்கும் என்றுதான் உரிமையாளர்கள் நினைப்பார்கள். நான் பிரித்த பலவற்றில் பற்கள் புதுசு போலப் பளபளவென்று இருந்தன. கியர் மாறும்போது பிடித்து விடும் கிளட்ச் தட்டுகள்தான் சூட்டில் கருகி, மேற்பூச்சு உதிர்ந்து, வெறும் இரும்பாகக் கிடந்தன.

இப்போது டயருக்கு வருவோம். விட்டம் 5 சதவீதம் கூடினால், 4.1 கடைசி விகிதம் (சக்கரத்துக்கு முன்னால் உள்ள கடைசிப் பற்சக்கர ஜோடியின் விகிதம்) சுமார் 3.9 போல நடந்துகொள்ளும். சக்கரத்துக்குக் கிடைக்கும் தள்ளுவிசை அந்த அளவு குறையும். மேல் கியரில் ஏற முடியாமல் கியர்பாக்ஸ் கீழ் கியருக்கு வரும், வேகம் பிடித்ததும் மறுபடி மேலே போகும். ஒவ்வொரு மாற்றத்திலும் தட்டுகள் கொஞ்சம் வழுக்கித்தான் பிடிக்கும். கூடவே, கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டிப் பிடிக்கும் லாக்-அப் கிளட்சும் விட்டுவிட்டுப் பிடிக்கும். இதெல்லாம் சேர்ந்தால் சூடுதான்.

அதனால் ஏற்றத்தில் மேனுவல் நிலைக்கு மாற்றி, ஒரு கியர் குறைத்து அதிலேயே ஓட்டுங்கள். இஞ்சின் சத்தம் கூடுமே என்று பயப்படாதீர்கள். சுற்று கூடினால் எண்ணெய் பம்பும் வேகமாகச் சுற்றும். அது நல்லதுதான். முடிந்தால் பழைய அளவு டயருக்கே திரும்பிவிடுங்கள். ஸ்பீடாமீட்டரும் இப்போது உண்மை வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும்.

அப்புறம், ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது கார் முழுசாக நின்றிருக்க வேண்டும். சிக்னலில் டிரைவிலேயே பிரேக் மிதித்து நிற்கலாம், தவறில்லை.

அடுத்த மலைப்பயணத்துக்கு முன் கியர் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்து, தீய்ந்த வாடை வந்தால், மாற்றச் சொல்லியிருக்கும் கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காதீர்கள்.