மின்சாரக் கேள்வி-பதில்: ராத்திரி மட்டும் ஏசி ஏன் திணறுகிறது?

பகலில் 230 வோல்ட், ராத்திரி பத்துக்கு மேல் 180. தமிழ்நாட்டில் கரண்ட் போதவில்லையா? (பெரம்பூர்)

கரண்ட் இருக்கிறது. அதை உங்கள் தெருவுக்குக் கொண்டுவரும் கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரும்தான் போதவில்லை. 2024 மே 2 அன்று மாநிலத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கிரிட் (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் பெரிய லைன் வலை) அதைச் சமாளித்தது.

தெருவுக்கு வரும் மின்சாரம் மூன்று பேஸ்களாக, அதாவது மூன்று தனி லைன்களாகப் பிரிந்து வரும். 500 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு, பேஸுக்குச் சுமார் 667 ஆம்பியர். ஒன்றரை டன் ஏசி 7, 8 ஆம்பியர் இழுக்கும். ஆக, பேஸுக்குத் தொண்ணூறு ஏசி ஓடினாலே கதை முடிந்தது. ஃபிரிட்ஜ், மோட்டாருக்கு இடமே இல்லை. தனிவீடுகள் அடுக்குமாடியான தெருவில் இது பெரிய கணக்கே அல்ல. மே மாத ராத்திரியிலும் புழுக்கம் இறங்காததால் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் ஆறுவதில்லை. உள்ளே கம்பிச் சுற்றுகளின் சூடு 98 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு 6 டிகிரிக்கும் காப்புக் காகிதம் இரண்டு மடங்கு வேகமாக நொந்துபோகும்.

மூன்று நாள், ராத்திரி பத்தரைக்கு மல்டிமீட்டரில் பாருங்கள். உங்கள் ஏசியை அணைத்தும் 180 என்றால் கோளாறு தெருவில். போட்டவுடன் மட்டும் விழுந்தால் உங்கள் சர்வீஸ் ஒயரிலோ மெயின் போர்டிலோ லூஸ் கனெக்‌ஷன். தெருவில் என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) புகார் எண் வாங்கிக்கொண்டு, ராத்திரி நேரத்தில் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) வைத்து மூன்று பேஸையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு பேஸில் மட்டும் லோடு குவிந்திருந்தால், சில வீடுகளை வேறு பேஸுக்கு மாற்றினாலே ஓரளவு சரியாகும். ஸ்டெபிலைசர் உங்கள் ஏசியைக் காப்பாற்றும். ஆனால் லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பாவம்.

திடீரென்று ஃபேன் பேய் வேகத்தில் சுற்றியது, டிவி புகைந்தது. எதிர்வீட்டில் பல்பு மங்கியது. (வேளச்சேரி)

நியூட்ரல் கட், அதாவது மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பு ஒயர் அறுந்துவிட்டது. தெருவோர பில்லர் பாக்ஸில் (கேபிள்கள் பிரியும் பெட்டி) அரித்துப்போன ஜாயின்ட் விட்டால், லோடு குறைந்த வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறும். உடனே மெயினை அணையுங்கள். புகாரிலும் 'நியூட்ரல் கட்' என்றே சொல்லுங்கள். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணைக்கும் ஸ்விட்ச்) இதைத் தடுக்காது. ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் தனியாக வேண்டும்.

2012 போல நாமும் இருளில் மூழ்குவோமா? (மயிலாப்பூர்)

2012 ஜூலை 30, 31-ல் வட இந்திய கிரிட் விழுந்தபோது, தென்னக கிரிட் தனியாக இயங்கியதால் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி லைன் நம்மையும் சேர்த்துவிட்டது. இப்போது நாடு முழுக்க ஒரே அலைவெண், 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவே நிற்க வேண்டும். மிகவும் இறங்கினால் ரிலேக்கள் (தானியங்கிக் காவல் கருவிகள்) தாமாகவே சில ஃபீடர்களை, அதாவது சில பகுதிகளுக்குப் போகும் லைன்களைக் கழற்றிவிடும். மொத்த கிரிட்டும் விழாமல் இருக்கத்தான்.

மாடியில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டு. (நங்கநல்லூர்)

பேட்டரி இல்லாத கிரிட்-டை இன்வெர்ட்டர் (லைனோடு சேர்ந்தே ஓடும் சோலார் இன்வெர்ட்டர்) அப்படித்தான் அணையும். அணையாவிட்டால், சோலார் கரண்ட் லைனுக்குள் போய், லைன் செத்துவிட்டதென்று கம்பமேறிய லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும்.