இரண்டாகப் பிரிந்த மேற்கோள்கள்

தம்பி, தேயிலைக் கொழுந்து லொறிகளின் பாதைத் திட்டமிடல் பற்றிய உங்கள் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளும், அவற்றைப் பிறர் சுட்டிய மேற்கோள்களும், உங்கள் பெயரில் தந்தை பெயர் முன்னே வந்தவை மூன்று, பின்னே வந்தவை இரண்டு என்று இரு ஆசிரியர்களுடையவை போலப் பிரிந்து கிடப்பதாக ஹட்டனிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இது நேர்ந்தது, வேதனை புரிகிறது.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலரில், உங்கள் பக்கத்தில் விடுபட்டவற்றை நீங்களே தேடிச் சேர்க்கலாம். ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில், இரு பெயர்களுக்கும் உள்ள ஆசிரியர் எண்களை இணைக்கும்படி கோர வேண்டும்.

எச் குறியீடு வெறும் கூட்டல் அல்ல. அது 4 என்றால், குறைந்தது 4 மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் 4 உண்டு என்று பொருள். நீங்கள் தந்த கணக்கில் 7, 5, 3 மேற்கோள்கள் பெற்ற மூன்று கட்டுரைகளுக்கு 3. 6, 4 பெற்ற இரண்டுக்கு 2. இணைத்தால் 5 வராது, 4தான். ஆனால் அந்த 4 உங்கள் உழைப்பு, விட்டுவிடாதீர்கள்!

டான்ட்சிக், ராம்சர் என்ற ஆய்வாளர்கள் 1959இல் லொறிகளை வைத்துத் தொடங்கிய ஆய்வுவழி இது. கொழுந்து லொறிக்கும் அதில் இடமுண்டு. பெயர் எப்படி எழுதப்பட்டாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட்டின் 16 இலக்க எண் இலவசம். அடுத்த கட்டுரையை அனுப்புமுன் எடுத்துவிடுங்கள்.